பஞ்சாமிர்தத்தில் உடைந்த பல்

நீங்க பேசாதீங்க அம்மிணி. பஞ்சைக் கடிச்சுட்டு கம்முனு உக்காருங்க. அந்த நர்சுப்புள்ள என்ன சொல்லீட்டுப் போச்சு? ரத்தம் நிக்கற வரைக்கும் வாயைத் தொறக்கக்கூடாதுன்னுச்சல்லங்க? நான் பேசறன். நீங்க தலைய மட்டும் ஆட்டுனாப் போதும்.

எனக்கு இனிமேல்தானுங்க. கீழ்த்தாடையில, இந்தா, இந்தப் பக்கம். வேரோட ஆடுது. புடுங்கறதுக்கு எனக்குப் பயமில்லீங்க. ரண்டு புள்ள பெத்தவ, மாட்டுக் கொம்புல குத்துப்பட்டவ, ஒரு பல்லுக்கா பயப்படுவன்? எனக்கு வேற கொழப்பம். உள்ள கூப்புடறதுக்குள்ள டாக்டரம்மாவுக்கு ஒரு பதில் சொல்லோணும். புடுங்குன பல்லைத் தூக்கிப் போட்டர்லாமா, இல்ல அந்தக் குழியிலயே திருப்பி வச்சர்லாமான்னு கேக்கறாங்க. யோசிச்சுட்டு வாங்கன்னு போன வாரமே தாட்டி உட்டாங்க. ஒரு வாரமா யோசிக்கறன். சோறு எறங்குல.

உங்களுக்கு இந்த வெசயம் சொல்லுலீங்களா? உங்க பல்லு மொத்தமா அரிச்சுப் போயிருக்கும், அதுக்கு ஆகாது. கொஞ்சமாவது கெட்டியா இருந்தாத்தான் ஆகுமாம். புடுங்குன பல்லைச் சொரண்டி, சுத்தம் பண்ணி, ஒரு சின்ன மிசுனு வச்சிருக்காங்க, அதுல போட்டு ரவையாட்ட அரைக்கறாங்க. மருந்துத் தண்ணியில ஊற வச்சு அலசி, அந்த ரவைய அதே குழியில கொட்டி அமுக்கித் தையல் போட்டர்றாங்க. சும்மா உட்டா, பல்லுப் போன எடத்துல தாடையெலும்பு கரைஞ்சு உள்வாங்கிருமாம். இத வச்சா அது அப்படியே நிக்குமாம். அஞ்சாறு மாசத்துல அந்த ரவையே எலும்பாயிருமாம். பின்னாடி அதுல ஆணி எறக்கி வேற பல்லுக் கட்டிக்கலாம்.

படிக்காதவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியுமின்னு பாக்கறீங்க. இதே ஆசுபத்திரியில, இதே எடத்துல நின்னு, இந்த வெவகாரத்துக்காகச் சண்டை போட்டவளே நாந்தானுங்க.

எனக்கில்ல, எங்க மச்சாண்டாருக்கு. எங்கூட்டுக்காரருக்கு மூத்தவரு, நாச்சிமுத்துன்னு பேரு. எங்கூட்டுக்காரரு சென்னியப்பன். அண்ணன் தம்பி ரண்டே பேரு. ஒரே வாசல், ரண்டு ஊடு, நடுவால ஒரு செவுரு. மச்சாண்டாரு கட்டுனவ சீக்கிரமே போய்ச் சேந்துட்டா, புள்ளையுமில்ல. மூணு வேளையும் என் கையாலதான் சோறு. நெம்ப அமரிக்கையான மனுசன். கொழம்புல உப்பில்லீன்னாக்கூட சொல்ல மாட்டாரு. அப்படிப்பட்ட மனுசன்தான் எங்கூட்டுக்காரரக் கொன்னாரு.

என்னங்க முழிக்கறீங்க? கத்தியெடுத்தா கொன்னாருன்னு சொல்றன்? கரண்டுலதானுங்க.

எம் மவ மேகலா பன்னண்டாவது படிச்சுட்டிருந்தா. கெணத்துல பைப்புல சேறு அடைச்சுட்டுது, தண்ணி ஏறுல. கரண்டு இல்லாத நேரம் பாத்து எங்கூட்டுக்காரரு கெணத்துல எறங்கிச் சுத்தம் பண்றதுன்னு பேசிக்கிட்டாங்க, அண்ணங்காரரு மேல நிக்கறதுன்னு. எங்க மோட்டாரு ஆட்டோவுல போட்டது. கரண்டு வந்தா தானா ஓடும். அதனால எறங்கறதுக்கு முந்தி மோட்டார் ரூம்புல பீஸ் கட்டையப் புடுங்கி வச்சரோணும். புடுங்குலீங்க. எங்கூட்டுக்காரரு பைப்பைப் புடிச்சுட்டு நிக்கையில கரண்டு வந்துருச்சு. நான் கட்டுத்தரையில மாட்டுக்குத் தவுடு கலக்கீட்டிருந்தன். ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. ஒரே சத்தம்.

மச்சாண்டாரு என்ன சொன்னாரு தெரியுங்களா? பீஸ் கட்டைய நான் புடுங்கித் தம்பி கையிலதான் குடுத்தன், அவன் குடிச்சிருந்தான், ஏதோ நெனப்புல அவனே மறுக்காப் போயி மாட்டீட்டு வந்து எறங்கீட்டான், நான் கயிறு எடுக்கப் போனவன் பாக்குலன்னாரு. பொணத்த வாசல்ல போட்டு வச்சுட்டு இந்தப் பேச்சுப் பேசுனாருங்க. குடிச்சிருந்தானாமா! எங்கூட்டுக்காரரு குடிகாரரு இல்லீங்க. ஒடம்பு வலிக்குச் சித்தே போடுவாரு, காட்டு வேலை செய்யறவங்க எல்லாம் போடறதுதான். அதக் குடின்னு சொல்லுவாங்களா? அன்னைக்குக்கூட காலங்காத்தால போட்டதுதான், எச்சா ஒண்ணும் போடுல. போலீசு வாரதுக்குள்ள அந்தப் பாட்டல நாந்தான் எடுத்து எருக்குழியில பொதைச்சன். செத்த மனுசனோட பேரு கெடக்கூடாதுல்லீங்க?

அந்த ஆடியில ஊருக்குள்ள பேசிக் கருப்பராயன் கோயிலுக்குக் கூப்புட்டாங்க. எங்கூர்க் கருப்பராயனுக்கு ஒரு கட்டு உண்டு. ரண்டு பேருக்குள்ள வழக்குன்னா, எரியற கற்பூரத்தக் கையால அணைச்சு ரண்டு பேருமே சத்தியம் பண்ணோணும். ஒருத்தரு பண்ணுனாச் செல்லாது. பொய் சொன்ன வாயைத்தான் சாமி கேக்கும், பல்லுலதான் ஆரம்பிக்கும்ம்பாங்க. அவரு முன்னால வந்து, பீஸ் கட்டையப் புடுங்குனது சத்தியம்னு அணைச்சாரு. நான் வந்து, இவரு புடுங்கவே இல்ல, எங்கூட்டுக்காரரு குடிக்கவும் இல்ல, சத்தியம்னு அணைச்சன். கை சுட்டது நெசம். ஆனா பின்னால இழுக்குலீங்க.

அன்னையோட அவருக்குச் சோத்த நிறுத்தீட்டன்.

பாவம்னு பாக்கறீங்களா? பாக்காதீங்க. அவரே பொங்கித் தின்னுக்கிட்டாரு. வாசல்ல எதுத்தாப்புல வந்தா நான் தலையத் திருப்பிக்குவன். எம் மவ கண்ணாலத்துக்குக் கூப்புடுல. பெரியப்பன்னு மண மேடையில நிக்க வேண்டியவரு, மண்டபத்துக்கு வெளிய வண்டி நிறுத்தற எடத்துல நின்னு பாத்துட்டுப் போயிட்டாராம். எம் பையன் தரணி சொன்னான். ஒரு பட்டுச் சீலை குடுத்து உட்டிருந்தாரு. நான் திருப்பி அவரு வாசப்படியிலயே வச்சுட்டு வந்துட்டன். நல்ல சீலைதான். அரக்குல பச்சைக்கரை.

வருசம் பல ஆச்சு. சாமி வாயே தொறக்குல. எனக்குக் கோயிலுக்குப் போகவே வெறுப்பாப் போச்சு. அப்பறம் ரண்டு வருசத்துக்கு முந்தி, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனவங்க பஞ்சாமிர்தம் கொண்டாந்து ஊருக்கெல்லாம் குடுத்தாங்க. இவரு ஒரு வாய் போட்டாரு, பல்லு ஒடைஞ்சு போச்சு. முன்னுக்கு இருந்து மூணாவது பல்லு. பஞ்சாமிர்தத்துல பல்லு ஒடையுமுங்களா? நீங்களே சொல்லுங்க. பேரீச்சங்கொட்டை கெடந்துச்சுன்னு சொன்னாங்க. கெடக்கட்டுமே. ஊர்ல அத்தனை பேரு தின்னாங்க, இவரு வாய்க்கு மட்டும் எதுக்குங்க அந்தக் கொட்டை வருது?

நான் அன்னைக்கே போயிக் கருப்பராயனுக்குப் பொங்கல் வச்சன். அழுதன். அத்தனை வருசம் கழிச்சு எங்கூட்டுக்காரரு மறுக்கா ஊட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரி கூட, சாமி கேட்டுருச்சு பாவாத்தான்னு சொன்னா. நெம்ப நாளைக்கப்பறம் அன்னைக்குத்தான் வயிறாரத் தின்னன்.

அந்தச் சந்தோசம் ஒரு வாரம் நிக்குலீங்க. தரணிதான் பெரியப்பன வண்டியில வச்சு இங்க கூட்டியாந்திருக்கறான், எனக்குத் தெரியாம. வேரு வரைக்கும் விரிசல், வச்சிருக்க முடியாதுன்னு புடுங்கீட்டாங்களாம். புடுங்கி, அரைச்சு, மறுபடியும் அந்தக் குழியிலயே வச்சுத் தச்சுட்டாங்கம்மான்னு வந்து சொல்றான். சிரிச்சுக்கிட்டே சொல்றானுங்க, ஏதோ அதிசயத்தப் பாத்த மாதிரி. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. சாமி எடுத்ததத் திருப்பி வைக்கறதுக்கு இந்த டாக்டரு யாருங்க?

மறுநாளே பஸ் ஏறி காங்கயம் வந்துட்டன். இந்தா, இந்தக் கதவுகிட்ட நின்னுதான் கத்துனன். அந்தாளு வாயில வச்சத எடுங்கன்னு. டாக்டரம்மா சின்ன வயசு, எம் மவ வயசுதான் இருக்கும். கோவப்படுலீங்க. உள்ள கூப்புட்டு உக்கார வச்சுது. கம்ப்யூட்டர்ல எக்ஸ்ரேவைக் காட்டிப் பொறுமையா சொல்லுச்சு.

"அம்மா, அவரு பல்லு, அவரு எலும்பு. அவரோடதுங்கறதாலதான் ஒடம்பு தள்ளி உடாம ஏத்துக்குது. எலும்புக்கும் பல்லுக்கும் உள்ள இருக்கற சத்து கிட்டத்தட்ட ஒண்ணுதாங்கம்மா. பங்காளிங்க மாதிரி."

"பங்காளின்னா எங்கூர்ல வெட்டிக்குவாங்க சாமி"ன்னன். அது சிரிச்சுருச்சு. எனக்குச் சிரிப்பு வருல.

"சரி, அந்த ரவை ஒட்டுலீன்னா என்னாகும்?"னு கேட்டன்.

"சில பேருக்கு ஒட்டாம போறதும் உண்டு. சீழ் வரலாம், வீங்கலாம். அப்ப வெளிய எடுத்துருவோம்"னுச்சு.

அது போதுமுங்க எனக்கு. சரி, சாமி அங்கதான் வேலையக் காட்டும்னு எந்திரிச்சு வந்துட்டன். அன்னையிலிருந்து அவரு கன்னத்தையே பாத்தன். வெடியால எந்திரிச்சா மொதல் வேலை, செவுத்துக்கு இந்தப் பக்கமா நின்னு அவரு மூஞ்சிய எட்டிப் பாக்கறது. வீங்கியிருக்குதா? செவந்திருக்குதா? அத்தனை வருசம் தலையத் திருப்பிக்கிட்டவ, இப்பத் தெனமும் அந்த மூஞ்சியவே பாக்கறன். ஒரு நா அவரும் பாத்துட்டாரு. எனக்கு வாய் சும்மா இருக்குல.

"பல்லைத் திருப்பி வச்சுட்டா நாயமாயிருமா?"ன்னு கேட்டுட்டன்.

அவரு செவுத்துக்கிட்ட வந்தாரு. அத்தனை வருசத்துல எங்கிட்டப் பேசுனது அதுதானுங்க. "இன்னொருக்கா வேணும்னாலும் கற்பூரத்த அணைக்கறன் அம்மிணி. இப்பவே வாரன். நீயும் வந்து அணைக்கறயா?"ன்னாரு.

நான் அடுப்புல பாலை வச்சிருந்தன். பொங்கீருமின்னு உள்ள வந்துட்டன்.

வீங்கவே இல்லீங்க. மாசம் போகப் போக, அது எலும்பாவே ஆயிருச்சாம். ஆணி எறக்கி பல்லுக் கட்டீட்டாங்க. பொழுதோட, வெளக்கு வைக்கற நேரத்துக்கு, அவரு வாசல்ல உக்காந்து வறுத்த நெலக்கடலை திம்பாரு. கடுக்குனு கடிக்கற சத்தம் செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். வேணும்னே கடிக்கறாருன்னு நெனைப்பன். அந்தக் கடலையில கல்லு இருக்கோணும்னு வேண்டியிருக்கறன். சாமியறிய வேண்டியிருக்கறன்.

இந்தப் பங்குனியில போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னு உக்காந்தவரு எந்திரிக்குல. புள்ளையில்லாத மனுசன், தரணிதான் கொள்ளி வச்சான். நான் அழுவுல. எதுக்கு அழுவறது? மறுநா சுடுகாட்டுக்குப் போயி எலும்பு பொறுக்கிப் பால் தெளிச்சு, சட்டியில போட்டு மஞ்சத்துணி கட்டிக் கொண்டாந்தான், கொடுமுடிக்குக் கொண்டு போயி ஆத்துல கரைக்கறதுக்கு. ஊட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு வேலி மரத்துல கட்டி வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டான்.

நான் போயித் துணிய அவுத்தனுங்க.

பொம்பளைங்க பாக்கக்கூடாதுதான். தெரியும். எனக்குப் பாக்காம இருக்க முடியுல. கற்பூரத்துல கேட்டு, பல்லுல கேட்டு, கடைசியா செதையில சாமி என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியோணும். கையை உட்டுத் தேடுனன். எல்லாம் உதிரி. தொட்டாப் பொடியாகுது. தாடைத் துண்டு ஒண்ணு கைக்கு வந்துச்சு. மேல கட்டுன பல்லு இல்ல, வெந்து போயிருக்கும். ஆணி மட்டும் நிக்குது, கருப்பா. அது நின்ன எடத்துல குழியுமில்ல, வெடிப்புமில்ல. எலும்பு அந்த ஆணியச் சுத்திக் கவ்விப் புடிச்சிருக்குது. நான் இழுத்துப் பாத்தன். ஆமாங்க, இழுத்துப் பாத்தன். ரண்டு வெரல்ல புடிச்சு ஆட்டியாட்டி இழுத்தன். வருல.

அப்பறம் தரணி வார சத்தம் கேட்டுத் துணியக் கட்டீட்டன். கையை எத்தனை தடவ கழுவுனன்னு எனக்கே தெரியாது.

அன்னையிலிருந்து கேக்குதுங்க. பூட்டிக் கெடக்கற ஊடு. பொழுது எறங்கற நேரத்துக்குச் செவுத்துக்கு அந்தப் பக்கம் கடுக்குனு ஒரு சத்தம். கொஞ்சம் உட்டு இன்னொண்ணு. தரணியக் கூப்புட்டுக் காட்டுனா, எலியா இருக்கும்மாங்கறான். எலி கடலைத் தொலியத் துப்புமுங்களா? எனக்குத் தொலியத் துப்பற சத்தமும் கேக்குதுங்க. ஒரு நா தாங்க முடியாம, ஒரு தட்டத்துல சோத்தப் போட்டு, மேல கொழம்பு ஊத்தி, அவரு வாசப்படியில வச்சுட்டு வந்தன். வெடியாலப் பாத்தா அப்படியே இருக்குது. ஒரு காக்கா கூடத் தொடுலீங்க. உப்புப் போட்டனா இல்லையான்னு அன்னைக்குப் பூரா எனக்கு அதே நெனப்பு.

அதுக்கப்பறந்தான் என் பல்லு ஆட ஆரம்பிச்சுது.

டாக்டரம்மா ஈறு கெட்டுப் போச்சுங்குது. சக்கரை இருக்குதான்னு கேக்குது. இருக்குதுங்க, இல்லீன்னு சொல்லுல. ஆனா கற்பூரத்த அவரு மட்டுமா அணைச்சாரு? அப்ப இது எனக்கு வந்ததுதானே? அவருக்கு எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்த சாமி, எங்கிட்ட எடுக்குதுன்னா என்னங்க அர்த்தம்? வாயைத் தொறக்காதீங்க, ரத்தம் வந்துரும். எனக்கே தெரியும் அர்த்தம்.

எனக்கும் அதே மாதிரி அரைச்சு வைக்கறன்னு சொல்லுது அந்தப் புள்ள. வச்சு, ஒட்டுலீன்னு வைங்க. தெனமும் கண்ணாடியில என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கோணும், வீங்குதா வீங்குதான்னு. அவரு மூஞ்சியப் பாத்த மாதிரி. ஒட்டீருச்சுன்னு வைங்க, அது இன்னும் மோசம். சாமி எதையுமே கேக்குல, எதையுமே பாக்குலன்னு ஆயிரும். அப்ப நான் யாரு மேல கோவப்பட்டுட்டு இருந்தன் இத்தனை வருசம்? வேணுமா வேண்டாமா, நீங்களே தலைய ஆட்டுங்க பாக்கலாம். ஆட்ட மாட்டீங்கறீங்க. சரி உடுங்க. உங்கமேல எதுக்குப் பாரத்தப் போடறது.

கூப்புடறாங்க. பாவாத்தா, நாந்தானுங்க. இரு சாமி, வாரன், ஒரே ஒரு நிமிசம்.

வேண்டாம்னு சொல்லிர்றனுங்க. திருப்பி வைக்க வேண்டாம், புடுங்குனத என் கையில குடுங்கன்னு வாங்கிக்கறன். நேரா கருப்பராயன் கோயிலுக்குப் போயி அவரு முன்னால வச்சர்றன். எங்க மச்சாண்டாரு பீஸ் கட்டையப் புடுங்குனது நெசந்தான் சாமி, பழி போட்டவ நாந்தான், இந்தா எடுத்துக்கன்னு சொல்லிர்றன். ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றன். இனி அந்த மனுசனுக்கு என்ன குடுக்க முடியும், இதுதானே முடியும்? இதையாவது குடுத்தர்றன்.

ஆனா அதோட முடியாதுல்லீங்க? அவரு பீஸ் கட்டையப் புடுங்குனாருன்னா, மறுக்கா மாட்டுனது யாருன்னு சாமி கேக்குமல்ல? புத்தியோட இருக்கறவன் மாட்டீட்டு எறங்குவானான்னு கேக்குமல்ல? அங்கதான் எனக்கு நிக்குது அம்மிணி. பதினெட்டு வருசம் ஒரே தட்டத்துல தின்னு குடும்பம் பண்ணுன மனுசன். ஒரு பல்லு எதுக்கு, எல்லாப் பல்லையும் புடுங்கீட்டுக் கேக்கட்டும். எங்கூட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு மட்டும் என் வாயில வராதுங்க.